ஆய்விதழ்களின் வழியே மின்வேதியியல் வரலாறு

படிவம் ஐந்து மாணவர்களிடம், "மின்கலத்தைக் கொண்டு தண்ணீரை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஃபாரடே என்ற பதில் வரும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் வோல்டா என்பார்கள். இரண்டு பேரும் இல்லை. அதைச் செய்தவர்கள் லண்டனில் இருந்த இருவர். ஒருவர் அறுவை மருத்துவர் ஆண்டனி கார்லைல். இன்னொருவர் வில்லியம் நிக்கல்சன். இந்த நிக்கல்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; ஓர் அறிவியல் மாத இதழை நடத்தி வந்தவர். அதாவது, இதழாசிரியர்.

தமிழில் பாருங்கள், வகுப்பில் பாடம் சொல்பவரும் ஆசிரியர்தான், இதழை நடத்துபவரும் ஆசிரியர்தான். ஆனால் அறிவியல் வரலாறு சொல்லிக் கொடுக்கும்போது அந்த இரண்டாவது ஆசிரியரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, அதோடு சரி. அந்த ஆண்டு எப்படி வந்தது? சோதனை நடந்த ஆண்டா, அச்சில் வந்த ஆண்டா? எந்த மொழியில் வந்தது? அதை முதலில் படித்துப் பார்த்து, "சரி, போடலாம்" என்று சொன்னவர் யார்? மின்வேதியியலில் இந்தக் கேள்விகளைக் கேட்டால், பாடநூலில் இல்லாத ஒரு வரலாறு கிடைக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் அது பயன்படும், ஏனென்றால் சூத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் தெரிந்துவிட்டால் சூத்திரம் மறக்காது.

கோமோவிலிருந்து ஒரு கடிதம்

1800 மார்ச் 20. இத்தாலியின் கோமோ நகரிலிருந்து அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியது பிரெஞ்சு மொழியில். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினால் தொடர்ச்சியாக மின்சாரம் கிடைக்கிறது என்பதுதான் செய்தி. அதுவரை மின்சாரம் என்றால் ஒரு பொறி, ஓர் அதிர்ச்சி, அதோடு முடிந்துவிடும். நின்று ஓடும் மின்னோட்டம் உலகத்துக்குக் கிடைத்தது இந்த அடுக்கினால்தான்.

இத்தாலியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதி ஏன் லண்டனுக்கு அனுப்ப வேண்டும்? அங்கேதான் ராயல் சொசைட்டியின் இதழான 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இருந்தது. 1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய இதழ் அது. அதில் ஒரு செய்தி வந்தால் ஐரோப்பா முழுவதும் திரும்பிப் பார்க்கும். வோல்டாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆனால் அது போர்க்காலம். பிரான்சும் பிரிட்டனும் மோதிக்கொண்டிருந்தன. கடிதம் இரண்டு பகுதிகளாக வந்தது. முதல் பகுதி முந்தி வந்து சேர்ந்தது. பேங்க்ஸ் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நண்பர்களுக்குக் காட்டினார். அவர்களில் ஒருவர் கார்லைல். கார்லைல் போய் நிக்கல்சனிடம் சொன்னார். ஏப்ரல் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து சொந்தமாக ஓர் அடுக்கு கட்டிவிட்டார்கள். வெள்ளித் தகட்டுக்கு எங்கே போவது? சட்டைப்பையில் கை விட்டார்கள். 17 அரை கிரவுன் நாணயங்கள்! மே 2 அன்று அந்த அடுக்கின் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டபோது ஒரு முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள் எழுந்தன. மற்ற முனையில் கம்பி ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறியது. பிளாட்டினம் கம்பிக்கு மாறியதும் அங்கே ஆக்சிஜன் வாயுவாகவே வெளிவந்தது.

இப்போது தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சோதனை நடந்தது மே 2. வோல்டாவின் கடிதம் ராயல் சொசைட்டி கூட்டத்தில் வாசிக்கப்பட்டது ஜூன் 26. நிக்கல்சன் தம்முடைய இதழில் சோதனையை வெளியிட்டது ஜூலை. ஆக, கருவியைக் கண்டுபிடித்தவரின் கடிதம் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, அதை வைத்து அடுத்த கண்டுபிடிப்பு நடந்து முடிந்துவிட்டது.

இது நியாயமா? மாணவர்களிடம் விவாதிக்க நல்ல கேள்வி. இன்றைய ஆய்விதழ் நெறிப்படி, வெளியீட்டுக்கு வந்த கட்டுரையை அது வெளிவருவதற்கு முன் வேறு யாருக்கும் காட்டக்கூடாது. அதை வைத்துச் சொந்த ஆய்வு செய்வது பெரிய குற்றம். 1800இல் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. நிக்கல்சன் அடுக்கு வோல்டாவுடையது என்று தெளிவாகவே எழுதினார். திருட்டு என்று சொல்ல முடியாது. இருந்தாலும், கையில் ஓர் இதழ் இருப்பவருக்கு எவ்வளவு வசதி என்பதை மறுக்கவும் முடியாது. மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவர் அடுத்த மாத இதழில் போட்டுக்கொள்ளலாம்.

வாசித்தது ஒன்று, அச்சானது ஒன்று

அடுத்து மைக்கேல் ஃபாரடே. மின்னாற்பகுப்பு விதிகளை நாம் எல்லாரும் கற்பிக்கிறோம். அந்த விதிகள் இடம்பெற்ற கட்டுரை 1834 தொடக்கத்தில் ராயல் சொசைட்டியில் சில கூட்டங்களாக வாசிக்கப்பட்டது. ஆனால் அன்று அங்கே உட்கார்ந்து கேட்டவர்களின் காதில் 'ஆனோடு', 'கேத்தோடு', 'அயனி' என்ற சொற்கள் விழவில்லை. ஏனென்றால் அவை அப்போது முடிவாகவில்லை.

வாசித்த பிறகு ஃபாரடேவுக்குத் தம் சொற்கள் திருப்தி தரவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல், மே மாதங்களில் கடிதங்கள் போய் வந்தன. கிரேக்கத்தில் 'மேலேறும் வழி', 'கீழிறங்கும் வழி' என்று பொருள்படும் சொற்களை ஹ்யூவெல் பரிந்துரைத்தார். ஃபாரடே ஏற்றுக்கொண்டு, அச்சுக்குப் போகும் நேரத்தில் சொற்களை மாற்றினார். கட்டுரை வாசித்த பின் சில சொற்களை மாற்றியிருப்பதாக அச்சுப் பிரதியில் ஓர் அடிக்குறிப்பும் போட்டார். அச்சேறுவதற்கு இருந்த அந்தச் சில மாத இடைவெளி இல்லாவிட்டால், நம் மாணவர்கள் வேறு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

ஃபாரடே ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்? எந்தக் கோட்பாட்டையும் தலையில் கட்டாத சொல் வேண்டும் என்று நினைத்தார். நேர், எதிர் என்று சொன்னால் மின்சாரத்தைப் பற்றி ஒரு கோட்பாட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கு அது தவறிவிட்டால் சொல்லும் கெட்டுப்போகும்.

இங்கே தமிழாசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் நாம் ஆனோடை 'நேர்மின்வாய்' என்றும் கேத்தோடை 'எதிர்மின்வாய்' என்றும் சொல்கிறோம். அழகான சொற்கள்தான். மின்னாற்பகுப்புக் கலத்தில் பொருந்தவும் செய்கின்றன. ஆனால் மின்சாரம் தரும் வேதிக்கலத்துக்கு வந்தால் சிக்கல். அங்கே ஆனோடு எதிர்முனை! துத்தநாகம்–செம்பு கலத்தில் துத்தநாகம்தான் ஆனோடு, அது எதிர்முனையும்கூட. 'நேர்மின்வாய் எதிர்முனையாக இருக்கிறது' என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு என்று பிடித்துக்கொண்டால் எந்தக் கலத்திலும் தவறாது. இலங்கைப் பாடநூல்கள் 'அனோட்டு', 'கதோட்டு' என்று ஒலிபெயர்த்துவிட்டன. நம் மாணவர்கள் மலாயில் 'அனோட்', 'கத்தோட்' என்று படிக்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஜெர்மானியர்களும் சங்கங்களும்

மின்வேதியியல் தனித்துறையாக எழுந்து நின்றது ஓர் இதழின் முதுகில். 1884இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரேனியஸ், உப்புக் கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துவது பற்றி ஆய்வேடு கொடுத்தார். தேர்வாளர்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டார்கள். அவரைக் கண்டுகொண்டவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு. 1887இல் ஆஸ்ட்வால்டும் வான்ட் ஹாஃபும் சேர்ந்து இயற்பிய வேதியியலுக்கென்றே ஜெர்மன் மொழியில் ஓர் இதழைத் தொடங்கினார்கள். முதல் தொகுதியிலேயே அர்ரேனியஸின் அயனியாதல் கட்டுரை வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1889இல், அதே இதழில் வால்டர் நெர்ன்ஸ்ட் தம் கட்டுரையை வெளியிட்டார். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் போட்டுப் பழகும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு அங்கேதான் பிறந்தது. உப்சாலாவில் குறைந்த மதிப்பெண் வாங்கிய அதே கருத்துக்கு 1903இல் நோபல் பரிசு. வான்ட் ஹாஃப், ஆஸ்ட்வால்டு, நெர்ன்ஸ்ட் மூவருக்கும்கூட நோபல் கிடைத்தது. ஓர் இதழைச் சுற்றி இருந்த நான்கு பேர்!

பிறகு சங்கங்கள் வரிசையாக வந்தன. ஜெர்மன் மின்வேதியியல் கழகம் 1894இல். ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க மின்வேதியியல் சங்கம் 1902இல். லண்டனில் ஃபாரடே கழகம் 1903இல். ஒவ்வொன்றும் சொந்தமாக இதழ் நடத்தியது. இவற்றில் அமெரிக்கச் சங்கத்தின் இதழ் இன்றும் வருகிறது. 1948 முதல் 'ஜர்னல் ஆஃப் தி எலெக்ட்ரோகெமிக்கல் சொசைட்டி' என்ற பெயரில். 1997இல் அதில்தான் குட்இனஃபும் அவருடைய குழுவினரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். இன்று சாலையில் ஓடும் எத்தனையோ மின்சாரக் கார்களின் பேட்டரிக்குள் இருப்பது அந்தப் பொருள்தான். 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர், அவரோடு நீண்ட காலம் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டின் தென்கோடியில் பிறந்து மதுரையில் படித்தவர்.

சிறிய மொழிக்காரர் செய்த வேலை

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் பிராக் நகரத்து யாரோஸ்லாவ் ஹேரோவ்ஸ்கி. தமிழில் பாடம் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இவருடைய கதை நெருக்கமானது.

1922 பிப்ரவரியில் அவர் ஒரு சோதனை செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாகக் கரைசலுக்குள் விழுகிறது. அந்தச் சொட்டுதான் மின்வாய். மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே மின்னோட்டத்தை அளந்தால், வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி ஏற்றங்கள் வருகின்றன. படி எந்த மின்னழுத்தத்தில் வருகிறது என்பது கரைசலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. படியின் உயரம் அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. பாதரசச் சொட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக விழுவதால் மின்வாயின் பரப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். இந்த முறைக்குப் பின்னாளில் போலரோகிராபி என்று பெயர் வந்தது.

இதை அவர் முதலில் எங்கே வெளியிட்டார்? 'கெமிட்ஸ்கே லிஸ்டி' என்ற செக் மொழி வேதியியல் இதழில், செக் மொழியில். சொந்த மொழிக்கு முதல் மரியாதை. ஆனால் உலகத்தில் செக் மொழி படிக்கும் வேதியியலாளர்கள் எத்தனை பேர்? அது அவருக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த ஆண்டு, 1923இல், ஆங்கிலத்தில் எழுதி லண்டன் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழுக்குக் கொடுத்தார். 1925இல் ஜப்பானிலிருந்து வந்திருந்த மசுசோ ஷிகாத்தாவுடன் சேர்ந்து, வரைபடத்தைத் தானாகவே பதிவு செய்யும் கருவியை வெளியிட்டார். ஷிகாத்தா ஊர் திரும்பியதும் ஜப்பானில் இந்த முறை வேரூன்றியது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு மட்டும் பெயர் கிடைத்திருக்கும். 1929இல் அவரும் எமில் வோட்டோச்செக் என்ற மூத்த வேதியியலாளரும் சேர்ந்து ஒரு புதிய இதழைத் தொடங்கினார்கள். செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர்களின் கட்டுரைகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடுவதற்கென்றே ஓர் இதழ். மொழிபெயர்க்க ஆள் வைத்தார்களா? இல்லை. ஆங்கிலத்தை ஹேரோவ்ஸ்கி பார்த்துக்கொண்டார், பிரெஞ்சை வோட்டோச்செக் பார்த்துக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்து தம் நாட்டு இளைஞர்களின் கட்டுரைகளை வரி வரியாக ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார் என்றால், அந்த உழைப்பை என்னவென்று சொல்வது! 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு போலரோகிராபிக்குத்தான், மொழிபெயர்ப்புக்குப் பரிசு எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் செக் மொழியில் எழுதுவதை விடவில்லை. ஆங்கிலத்துக்கும் போனார். இரண்டும் வேண்டும் என்பதே அவர் எடுத்த நிலை. நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் வெளியிடும் 'சைன்ஸ் மலேசியானா' மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகளை ஏற்றுக்கொள்கிறது. அதுவும் இதே வழிதான்.

பெயர் மாறிய விளைவு

இதற்கு எதிரான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1950 வாக்கில் இந்தியாவில் கே.எஸ்.ஜி. தாஸ், எச்.பி. அகர்வால் என்ற இருவர் ஒரு புதிய விளைவைக் கண்டார்கள். மின்வாயில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால், மின்வாயின் சராசரி மின்னழுத்தம் சிறிதளவு நகர்கிறது. வினையின் வேகத்தை அளக்க அந்த நகர்வைப் பயன்படுத்தலாம். அதற்கு 'ரெடாக்ஸோகைனெட்டிக் விளைவு' என்று பெயர் வைத்து இந்திய ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதே விளைவு விரிவாக ஆராயப்பட்டது. அங்கே வைத்த பெயர் வேறு: 'ஃபாரடேயிக் ரெக்டிஃபிகேஷன்'. நூல்களில் நிலைத்தது அந்தப் பெயர்தான். தாஸ், அகர்வால் பெயர்கள் மேற்கோள்களில் இருக்கின்றன, யாரும் மறைக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு வைத்த பெயர் போய்விட்டது. பெரிய வாசகர் கூட்டம் உள்ள இதழ்கள் எந்தப் பெயரைப் பயன்படுத்துகின்றனவோ அதுதான் நிலைக்கும் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

தாஸ் பின்னாளில் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். காரைக்குடி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குச் செட்டியார்களும் கிட்டங்கிகளும் நினைவுக்கு வரும். தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. அந்த ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவருடைய தொழில்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களும் அடக்கம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கிருந்து 1960களில் மின்வேதியியலுக்கென ஒரு சங்கமும் அதன் இதழும் வந்தன. 1980களில் ஆய்வகமே 'புல்லட்டின் ஆஃப் எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி' என்ற இதழைத் தொடங்கியது. அது இப்போது வருவதில்லை. அங்கே நடக்கும் நல்ல ஆய்வுகள் வெளிநாட்டு இதழ்களுக்குத்தான் போகின்றன. ஆய்வாளரைக் குறை சொல்ல முடியாது. வேலை உயர்வுக்கு எந்த இதழில் வெளியிட்டாய் என்றுதான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டு இதழ்கள் என்றால் எவை? சங்கங்கள் மட்டுமே இதழ் நடத்திய காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாறியது. 1959இல் மட்டும் இரண்டு பெரிய இதழ்கள் தொடங்கின. 'எலெக்ட்ரோகிமிகா ஆக்டா', ராபர்ட் மேக்ஸ்வெல்லின் பெர்கமன் நிறுவனத்திலிருந்து. 'ஜர்னல் ஆஃப் எலெக்ட்ரோஅனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி', எல்சவியரிலிருந்து. 1991இல் எல்சவியர் பெர்கமனை வாங்கியதும் இரண்டும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. கட்டுரை எழுதுபவருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பாய்வு செய்பவருக்கும் பெரும்பாலும் கிடையாது. நூலகம் மட்டும் சந்தா கட்ட வேண்டும். இது என்ன வியாபாரம் என்று கேட்கத் தோன்றும். பலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒன்பது நாள்

இதழாசிரியர் வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு 1989ஐப் போல இன்னொரு ஆண்டு இல்லை. அந்த ஆண்டு மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி போன்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள், பல்லேடியம் மின்வாயைக் கனநீரில் வைத்து மின்னாற்பகுப்பு செய்தபோது, வேதிவினையால் விளக்க முடியாத வெப்பம் வந்ததாகவும், அது அணுக்கரு இணைவு என்றும் அறிவித்தார்கள். சூரியனுக்குள் நடப்பது கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிறது என்றால் சும்மாவா? உலகமே பரபரப்பானது.

ஃபிளைஷ்மன் சாதாரண ஆளில்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர், பன்னாட்டு மின்வேதியியல் சங்கத்தின் முன்னாள் தலைவர். கட்டுரை சென்றது மேலே சொன்ன 'எலெக்ட்ரோஅனலிட்டிக்கல்' இதழுக்கு. வந்து சேர்ந்த தேதி மார்ச் 13. திருத்தப்பட்ட வடிவம் வந்தது மார்ச் 22. இடையில் ஒன்பதே நாள். ஏப்ரல் 10இல் முன்னறிவிப்புக் குறிப்பாக அச்சில் வந்தது. பிறகு பிழைத்திருத்தம் வந்தது. அதில், விடுபட்டிருந்த மூன்றாம் ஆசிரியர் மார்வின் ஹாக்கின்ஸின் பெயரும் சேர்க்கப்பட்டது. இணை ஆசிரியர் ஒருவரின் பெயரே விடுபடும் அளவுக்கு அவசரம்! கட்டுரையில் இருந்த காமாக் கதிர் வரைபடத்தை இயற்பியலாளர்கள் பிய்த்து எடுத்தார்கள். 'நேச்சர்' இதழுக்கும் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். அங்கே மதிப்பாய்வாளர்கள் கேள்விகள் கேட்டார்கள். அவற்றுக்குப் பதில் தயாரிக்க நேரமில்லை என்று ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிக்கை தந்தது.

இதழாசிரியர் என்ன செய்திருக்க வேண்டும்? தாமதித்திருந்தால், பெரிய கண்டுபிடிப்பைத் தடுத்தார் என்ற பழி வரலாம். விரைந்ததால் வேறு பழி. உப்சாலாவில் அர்ரேனியஸை நம்பாதவர்கள் தவறினார்கள்; இங்கே நம்பியவர்கள் தவறினார்கள். புகழ் பெற்றவரின் கட்டுரை என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பதுதான் அவருக்குச் செய்யும் உதவி என்பேன்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

அறிவியலும் மொழியும் இரண்டும் பிடித்த மாணவர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். 'ஏதாவது ஒன்றை எடு' என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறோம். இரண்டும் தேவைப்படும் வேலை இது.

நடைமுறை இப்படி: கட்டுரை வந்ததும் ஆசிரியர் முதலில் தாமே பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்புவார். பொருந்தினால் அந்தத் துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்து கேட்பார். அவர்கள் எழுதுவதைப் படித்து, ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்று முடிவு செய்வார். சங்கம் நடத்தும் இதழ்களில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். ஆய்வோடு சேர்த்து இதையும் செய்கிறவர்கள். முனைவர் பட்டம், சில நல்ல கட்டுரைகள், பிறகு மதிப்பாய்வாளர், பல ஆண்டு பொறுப்பாக மதிப்பாய்வு செய்த பின் ஆசிரியர் குழு, அதன்பின் துணை ஆசிரியர் என்று ஏறி வருவார்கள். 'நேச்சர் எனர்ஜி' போன்ற இதழ்களில் வழி வேறு. அங்கே முனைவர் பட்டம் முடித்து, ஆய்வுக்கூடத்தை விட்டு வந்தவர்களை முழுநேரச் சம்பளத்துக்கு ஆசிரியர்களாக எடுக்கிறார்கள்.

ஒரு வழி மட்டும் இல்லை: மின்னஞ்சலில் திடீரென்று வரும் அழைப்பு. "உங்கள் புகழ் அறிந்தோம், எங்கள் ஆசிரியர் குழுவில் சேருங்கள்" என்று வந்தால் நம்பாதீர்கள். போலந்து ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சோதனை செய்தார்கள். 'அன்னா ஓ. ஷூஸ்ட்' என்ற, இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் 360 இதழ்களுக்கு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். போலந்து மொழியில் 'ஓஷூஸ்ட்' என்றால் ஏமாற்றுக்காரர்! தகுதி என்று சொல்லும்படி எதுவும் விண்ணப்பத்தில் இல்லை. 48 இதழ்கள் வேலை கொடுத்தன. அவற்றில் 40, போலி இதழ்கள் என ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருந்தவை. நான்கு இதழ்கள் அவரைத் தலைமை ஆசிரியராகவே ஆக்கிவிட்டன. தரவரிசை பெற்ற 120 இதழ்களில் ஒன்றுகூட ஏமாறவில்லை. 2017இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவுகள் வந்தன. பல்கலைக்கழகம் போகவிருக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டினால் எதையும் வெளியிடும் இதழ்கள் மின்வேதியியலுக்கும் வலை விரிக்கின்றன.

வகுப்பில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். ஏதாவது ஓர் ஆய்விதழ்க் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டுங்கள். பொருள் புரிய வேண்டியதில்லை. பெரும்பாலான இதழ்களில், கட்டுரை வந்த நாள், திருத்தி வந்த நாள், ஏற்ற நாள் என்று சிறிய எழுத்தில் தேதிகள் இருக்கும். இடைவெளியைக் கணக்கிடச் சொல்லி, அந்த நாள்களில் யார் யார் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆர்வமான பிள்ளைகள் என்றால், 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' பழைய தொகுதிகளை ராயல் சொசைட்டி கட்டணமில்லாமல் இணையத்தில் வைத்திருக்கிறது. வோல்டாவின் கடிதம் 1800ஆம் ஆண்டுத் தொகுதியில், பிரெஞ்சிலேயே இருக்கிறது. ஃபாரடேயின் ஏழாம் தொடர் கட்டுரை 1834இல். சொற்களை மாற்றிவிட்டேன் என்று அவர் போட்ட அந்தச் சிறிய அடிக்குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.